யூனிட் என்ன விலை, வதந்தி என்ன விலை?

(பொங்கல் விழாவன்று நம் குடியிருப்பின் கம்யூனிட்டி ஹாலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு அடுத்து குழந்தைகளின் நடனம், அதற்கும் அடுத்து சாப்பாடு. இந்த இரண்டுக்கும் குறுக்கே நிற்கிறவன் நீளமாகப் பேசினால் அடுத்த வருஷம் மைக் கிடைக்காது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடுத்தபடி அதிகம் வருவது கரண்ட் செய்திகள்தான். இவற்றை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று அதிசயம்: "இனி உலகத்தில் யாருக்கும் கரண்ட் பில்லே வராது." இரண்டு பெரிய நம்பர்: "இத்தனை மெகாவாட், அத்தனை கோடி." மூன்று பயம்: "இதை உடனே வீட்டைவிட்டு வெளியே எறியுங்கள், பத்து பேருக்குப் பகிருங்கள்." முதல் இரண்டில் நஷ்டம் ஒன்றும் இல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். மூன்றாவது வகை இப்போது நம் கட்டிடத்துக்குள்ளேயே ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அதிசயம்.

1989 மார்ச் மாதம் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டு வேதியியலாளர்கள் ஒரு அறிவிப்புக் கொடுத்தார்கள். சூரியனில் நடக்கிற அணுக்கரு இணைவை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில், சாதாரண அறை வெப்பத்திலேயே நடத்திவிட்டோம் என்றார்கள். உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தன. நம்பும்படி யாருக்கும் வரவில்லை. எங்கள் வீட்டு மைசூர்பாகு மாதிரி: செய்தவருக்கு மட்டும்தான் வரும், அவருக்கும் அடுத்த தடவை வராது.

நம் ஊர் சும்மா இருக்குமா? 1996-ல் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் வந்தது. இங்கே இருக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பச்சிலையும் தண்ணீரும் சேர்ந்தால் பெட்ரோல். அன்றைக்கு டீக்கடை டீக்கடையாக, அரபு நாடுகள் இனி நம்மிடம்தான் கையேந்த வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பிறகு சி.பி.ஐ. வழக்குப் போட்டது. விற்றது பெட்ரோலியப் பொருட்களின் கலவை என்பதுதான் குற்றச்சாட்டு. 2016-ல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. அந்த இருபது வருஷத்தில் பெட்ரோல் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். மூலிகை விலையும்தான்.

2023 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்று ஒரு பொருள். அறை வெப்பத்திலேயே மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் என்றார்கள். மற்ற ஆய்வுக்கூடங்கள் சோதித்துப் பார்த்து இல்லை என்று சொல்ல சில வாரங்கள்தான் ஆயின. ஆனால் நம் குழுவில் அந்தச் செய்தி ஒரு வருஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. மின்தடை இல்லாத பொருள் வந்தாலும் ஃபார்வர்டு தடை நீங்காது போலிருக்கிறது.

எல்லாமே புருடா என்று சொல்லவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் நடந்தது உண்மையான சாதனை. லேசர் கதிர் மூலம் எரிபொருள் மீது 2.05 மெகாஜூல் ஆற்றலைச் செலுத்தி, அணுக்கரு இணைவில் 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். போட்டதைவிட அதிகம் வந்தது அதுதான் முதல் தடவை. "இனி பில் இல்லை" என்று குழுவில் ஒரே கொண்டாட்டம். இரண்டு விஷயத்தை மட்டும் ஃபார்வர்டு சொல்லவில்லை. அந்த லேசர்களை இயக்க வாங்கிய மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். 300 ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுத்து கோயம்பேடு போய், 2 ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கி 3 ரூபாய்க்கு விற்ற கணக்கு. இன்னொன்று, நம் மீட்டரில் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். அன்றைக்கு அங்கே கிடைத்தது ஒரு முழு யூனிட்கூட இல்லை. விஞ்ஞானிகளைக் கிண்டல் செய்யவில்லை, அவர்களுடைய வேலை பெரிய வேலை. ஆனால் அதை நம்பி யாரும் இன்வெர்ட்டரை விற்றுவிட வேண்டாம்.

அடுத்து பெரிய நம்பர்.

இதில் நூற்றுக்குத் தொண்ணூறு குழப்பம் கிலோவாட்டுக்கும் யூனிட்டுக்கும் வித்தியாசம் தெரியாததால் வருவது. நமக்குத் தண்ணீர் லாரி தெரியும், அதை வைத்தே சொல்கிறேன். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது கிலோவாட். தொட்டியில் எவ்வளவு சேர்ந்தது என்பது யூனிட். ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு கிலோவாட் கீசர் அரை மணி ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான்.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் செய்தி தெளிந்துவிடும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் தொடங்கிய சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். கூடங்குளத்தில் ஓடுகிற இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். "அப்படியானால் கமுதி, ஒரு உலையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும் போலிருக்கிறதே" என்று ஒரு சார் கேட்டார். குழாயைப் பார்த்தால் சரி, தொட்டியைப் பார்த்தால் இல்லை. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். கமுதிக்குப் போட்டால் சுமார் 26 லட்சம் யூனிட். கூடங்குளத்தின் ஒரு உலை முழு வேகத்தில் ஓடும் நாளில் 2 கோடியே 40 லட்சம் யூனிட். ஒன்பது மடங்கு. சூரியன் பத்து மணிக்கு வந்து நான்கு மணிக்குக் கிளம்பும் ஆபீசர். அணு உலை நம் வாட்ச்மேன் மாதிரி, ராத்திரி முழுக்க முழித்திருக்கும். ஆனால் பேனல் போட ஒரு வருஷம் போதும், உலை கட்ட ஒரு பிள்ளை பிறந்து காலேஜ் முடிக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது எல்லோர் வாயிலும் ஏ.ஐ. "ஒரு கேள்வி கேட்டால் ஒரு கிராமத்துக்கே கரண்ட் போய்விடும்" என்று ஒரு ஃபார்வர்டு. கூகுள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்குப்படி, ஜெமினியில் சாதாரணமாக ஒரு கேள்விக்கு 0.24 வாட்-மணி. ஓப்பன் ஏ.ஐ.யின் சாம் ஆல்ட்மன் அதே வருஷம் சொன்னது 0.34. சுமாராக 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை டன் ஏ.சி. முழு மூச்சில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். அந்த ஒன்றரை யூனிட்டில் 5,000 கேள்வி கேட்கலாம். ஆக, பேத்தி ஏ.ஐ.யிடம் ஹோம்வொர்க் கேட்பதைத் திட்டிக்கொண்டே தாத்தா ஏ.சி.யை 18-ல் வைத்துக்கொண்டிருந்தால், குற்றவாளி பேத்தி அல்ல.

அதற்காக அது ஒன்றுமே இல்லை என்றும் அர்த்தமில்லை. ஒருவர் கேட்டால் சொட்டு, உலகமே கேட்டால் ஏரி. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில் 2024-ல் உலக மின்சாரத்தில் சுமார் ஒன்றரை சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போயிற்று. 2030-க்குள் அது இரண்டு மடங்குக்கும் மேல் ஆகலாம் என்கிறார்கள். 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் 2019-ல் மூடிய அணு உலையைத் திறந்து, அதிலிருந்து 20 வருஷம் மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டது. 1979-ல் விபத்து நடந்தது அதே வளாகத்தில் உள்ள வேறொரு உலையில். ரிட்டையர் ஆனவரை மறுபடி வேலைக்குக் கூப்பிடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை என்று இங்கே சில சார்கள் ஆறுதல் அடையலாம்.

ஏ.சி. என்றதும் இன்னொரு செய்தி. ஏ.சி.யை 20 டிகிரிக்குக் கீழே வைக்க முடியாதபடி செய்யப்போவதாக 2025 ஜூனில் மத்திய அமைச்சர் அறிவித்தார். குழுவில் பெரிய சண்டை. தனிமனித சுதந்திரம் என்றார்கள். என் சந்தேகம் எல்லாம், எத்தனை வீட்டில் ரிமோட் அந்தச் சுதந்திரம் பேசுகிறவர் கையில் இருக்கிறது என்பதுதான். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறது. 24-ல் வைத்து ஃபேனையும் போடுங்கள், சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது வகை, பயம்.

"போன் சார்ஜரைப் பிளக்கில் விட்டால் பில் இரட்டிப்பாகும்." இது மாதம் ஒருமுறை வரும். சும்மா தொங்குகிற நல்ல சார்ஜர் இரண்டு மாதத்தில் அரை யூனிட்கூட எடுக்காது. அதே சமயம் டி.வி.க்குக் கீழே கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் செட்-டாப் பாக்ஸ் பத்து வாட் எடுக்கும் ரகமாக இருந்தால், இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல். பழைய 75 வாட் ஃபேனை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றி, தினம் 12 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். நான்கு ஃபேன் இருந்தால் 130. நம் ஊரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கிற சலுகையிலும் ஒரு பங்கு போய்விடும். 510-ல் நிற்கிற வீட்டுக்கு ஒரே ஒரு ஃபேன் மாற்றினால் போதும். சார்ஜரைப் பிடுங்குவது புண்ணியம், ஃபேனை மாற்றுவது பணம்.

மொட்டை மாடி சோலாரைப் பற்றியும் ஒரு பயம்: "நம்மை ஏமாற்றிவிட்டார்கள், கரண்ட் போனால் சோலாரும் போகிறது." ஏமாற்றவில்லை. பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் சோலாரை அப்படித்தான் அமைப்பார்கள். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் நம் மாடியிலிருந்து கரண்ட் போனால் அவர் உயிர் போகும். அதனால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். நம்மைப் போன்ற சங்கங்களுக்கு பி.எம். சூர்யகர் திட்டத்தில் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. 10 கிலோவாட் போட்டால் நாளைக்கு 40 யூனிட், இடம் சுமார் ஆயிரம் சதுர அடி. லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்குக்கு நல்ல உதவி. எதிர்ப்பு எங்கிருந்து என்றால் சி பிளாக் மாமிகளிடமிருந்து: "வடாம் எங்கே காயப்போடுவது?" நியாயமான கேள்வி. இந்தக் கட்டிடத்தின் முதல் சூரிய சக்தித் திட்டம் அவர்களுடையதுதான், நூறு சதவீத உற்பத்தி, மானியமே இல்லை. தென்மேற்கு மூலையை வடாமுக்கு ஒதுக்கி வரைபடம் போடச் சொல்லியிருக்கிறோம்.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்ற விஷயம்.

இரண்டு மாதத்துக்கு முன் நம் குழுவில் ஒரு வீடியோ வந்தது. மின்சார ஸ்கூட்டர் எரிகிறது. எந்த ஊர், எந்த வருஷம், எதனால் எரிந்தது என்று ஒன்றும் இல்லை. அதன் கீழே ஐம்பது பதில்கள். மறுநாள் பேஸ்மென்டில் பொது பிளக் பாயின்ட்டுகளை மூடிவிட்டார்கள். "மின்சார வண்டிகளை வளாகத்துக்குள்ளேயே விடக்கூடாது" என்று அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானமும் வந்திருக்கிறது.

பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்த வருஷம் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலுமாக இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன.

ஆனால் நாம் பிளக்கை மூடியதால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஏ பிளாக் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வரும்போது பஸ் சரியாகக் கிடைக்காது என்று கடன் போட்டு ஸ்கூட்டர் வாங்கினார். கீழே பிளக் இல்லை என்றதும் பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். எங்கே சார்ஜ் செய்கிறார்? ஹாலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில். பகலில் அவர் தூங்கும்போது. எதற்குப் பயந்தோமோ அதைக் காற்றோட்டம் உள்ள இடத்திலிருந்து எடுத்து, ஒரு குடும்பம் வெளியேற இருக்கிற ஒரே வழியில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். வேலூரில் நடந்தது வீட்டுக்குள் என்பதை மறக்க வேண்டாம். அவர் வாடகைக்கு இருப்பவர், பொதுக்குழுவில் ஓட்டு இல்லை. யாரிடமும் போய்ச் சண்டையும் போடவில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

இந்த ஸ்கூட்டர்கள் எடுப்பது எவ்வளவு? பெரும்பாலானவற்றின் சார்ஜர் ஒரு கிலோவாட்டுக்கும் கீழே. ஒரு அயர்ன் பாக்ஸ் அளவு. பேட்டரி நிரம்ப மூன்று, நான்கு யூனிட். நம் லிஃப்ட் இதைவிடப் பெரிய லோடு. ஆபத்து எங்கே வருகிறது என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஒல்லி வயரில், எர்த் இல்லாத பாயின்ட்டில், கம்பெனி சார்ஜருக்குப் பதில் வாங்கின மலிவு சார்ஜரில், அடிபட்ட அல்லது தண்ணீரில் நனைந்த பேட்டரியில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனை பேஸ்மென்ட் மூழ்கியது என்று பார்த்தோம். இவை எல்லாமே நம்மால் சரிசெய்யக்கூடியவை.

அதனால் தடைத் தீர்மானத்துக்கு மாற்றாக நான்கு யோசனை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்று, பேஸ்மென்டில் வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில், ஷெட்டின் கீழே, காற்றோட்டமான இடத்தில், தண்ணீர் ஏறாத உயரத்தில் நான்கு சார்ஜிங் பாயின்ட். இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி., எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு, சப்-மீட்டர். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் போட வேண்டும். போட்டவர் யூனிட்டுக்குக் காசு கொடுத்துவிடுவார், மெயின்டெனன்ஸில் ஒருவர் தலையிலும் விழாது. மூன்று, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, வெள்ளத்தில் நனைந்த பேட்டரியைச் சர்வீஸில் காட்டாமல் சார்ஜ் போடக் கூடாது. நான்கு, வாட்ச்மேன் இருவருக்கும் மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டிக்கொடுத்து, தீ என்றால் கரண்டை நிறுத்து, ஆட்களை விலக்கு, 101-க்குப் போன் செய் என்று பழக்க வேண்டும். வீர சாகசம் வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் சொந்த வண்டியை சார்ஜ் செய்ய அனுமதி உண்டு என்று மத்திய மின்துறையின் வழிகாட்டு நெறிமுறை 2018-லிருந்தே சொல்கிறது. அடுத்த ஐந்து வருஷத்தில் இங்கே எத்தனை வண்டி மாறும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்குத் தடைக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் அடுத்த வண்டியாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். லிஃப்டில் பேசிக்கொள்கிறார்கள்.

இனிமேல் கரண்ட் செய்தி எது வந்தாலும் பகிர்வதற்கு முன் மூன்றே கேள்வி கேளுங்கள். எவ்வளவு? எவ்வளவு நேரத்துக்கு? எங்கே, எப்போது நடந்தது? மூன்றுக்கும் பதில் இருந்தால் அனுப்புங்கள், நானும் படிக்கிறேன். இல்லையென்றால் ரோஜாப்பூவே அனுப்புங்கள், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

பொதுக்குழு அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்தரை மணி, இதே ஹால். வழக்கமாகக் கோரத்துக்கே ஆள் தேட வேண்டியிருக்கும். இந்தத் தடவை வாருங்கள். எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்களும் வாருங்கள், கேள்வி கேளுங்கள், எலக்ட்ரீஷியனையும் வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பாயின்ட்டையாவது, எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, அந்தப் பெண்ணுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கமிட்டியை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்கள்.